இத்தாலியில் அவர், கலவையில் நான்

என் வீட்டுக்காரர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது இத்தாலி தேசத்தில். ஆம்பூரில் பிறந்து வளர்ந்து, நாற்பது வயது நெருங்கும்வரை எங்கே போனாலும் நடந்தே போன மனிதர் அவர். கடல் தாண்டிப் போய் எட்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, சொந்த ஊரில் நடப்பதையே மறந்துபோனவர் போல இருந்தார். வந்த கையோடு மதராஸில் ஒரு பழைய சைக்கிளை வாங்கி ரயிலில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

அவருக்குத் தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஆவாரம்பட்டைத் தொட்டியிலிருந்து வந்து காய்ந்த தோல்களை விரித்து, தடவிப் பார்த்து, இது முதல் ரகம், இது மூன்றாம் ரகம் என்று பிரித்துப் போடுவார். ஷாப்பு முதலாளியான சாயபு இத்தாலியில் ஒரு கம்பெனிக்குத் தோல் அனுப்பிக்கொண்டிருந்தார். ரகம் பிரித்ததில் தகராறு வந்து, கடிதத்தில் பேசித் தீராமல் போகவே, "ஆளையே அனுப்புங்கள், எங்கள் முன்னால் பிரிக்கட்டும்" என்று அவர்கள் கேட்டார்கள். சாயபு இவரைக் கூப்பிட்டு, "ரெண்டு மாசம் போய்ட்டு வாப்பா" என்றார். பம்பாயில் கப்பலேறிப் போன இவரை இத்தாலிக்காரர்கள் திரும்ப விடவில்லை. வேலை நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நிறுத்தி வைத்துக்கொண்டார்கள்.

நான் அப்போது மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த எட்டு மாதமும் பள்ளி, வேதக்கோயில், வீடு என்று இருந்தேன். மனதில் குறை ஒன்றும் இல்லை. குறை தொடங்கியது அவர் திரும்பி வந்த பிறகுதான்.

போகும்வரை என் வீட்டுக்காரர் வாய் திறக்காத மனிதர். சோற்றில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்லமாட்டார். இத்தாலி அவருக்குப் பேச்சைக் கொடுத்து அனுப்பியிருந்தது. சாயங்காலம் ஷாப்பு விட்டதும் கூட வேலை செய்பவர்கள், தெருவில் உள்ளவர்கள், கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார், எல்லாரும் எங்கள் வீட்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இவர் கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டுத் தொடங்குவார்.

அவர் இருந்த ஊர் ஆர்னோ என்ற ஆற்றங்கரையில். அங்கேயும் கரை முழுவதும் தோல் ஷாப்புதானாம். "நாத்தம்கூட நம்ம பாலாத்து நாத்தமேதான். மொத நாளு கண்ண மூடிக்கினு நின்னா ஆம்பூர்லதான் இருக்கேன்னு நெனச்சிட்டேன்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அது எனக்கும் பிடித்திருந்தது. அவர் தங்கியிருந்தது அந்த ஷாப்பின் கணக்கர் வீட்டில். கணக்கருக்கு ஒரு தங்கை. கல்யாணம் ஆகாதவள். வயது கிட்டத்தட்ட என் வயது. பள்ளிக்கூட டீச்சர்.

அந்த டீச்சர்தான் இவருக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள்.

இதை அவர் எந்தக் கள்ளமும் இல்லாமல் கூட்டத்தின் நடுவில் சொன்னார். "நான் உழுந்து உழுந்து எழுந்தேன். அந்த டீச்சரம்மா சிரிக்கவே இல்ல. பின்னால புடிச்சிக்கினே ஓடி வந்தாங்க" என்றார். உள்ளே அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

முதலில் எனக்கு வந்தது எல்லாப் பெண்களுக்கும் வரக்கூடிய பொறாமைதான். தனியாக இருக்கும்போது துருவித் துருவிக் கேட்டேன். அவர் விளக்கெண்ணெய் மாதிரி வழுக்காமல் நேராகப் பதில் சொன்னார். அண்ணன், தங்கை, இவர், மூன்று பேரும்தான் எப்போதும் போவார்களாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்புவார்களாம். அவர் முகத்தில் மறைக்கிற கலவரம் எதுவும் இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளைப் பற்றிய பயம் தீர்ந்த இடத்தில், அவளுக்குக் கிடைத்ததெல்லாம் எனக்கும் வேண்டும் என்ற ஆத்திரம் வந்து உட்கார்ந்தது.

ஈஸ்டர் பண்டிகை விடுமுறையில் அவர்கள் மூவரும் ஒரு வாரம் சைக்கிளிலேயே ஊர் ஊராகச் சுற்றிய கதையைத்தான் தெரு ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எனக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

"ரோடெல்லாம் வெள்ள மண்ணு. மாவு மாதிரி. மத்தியானத்துக்குள்ள மீச, புருவம் எல்லாம் நரச்சுப்பூடும். ரெண்டு பக்கமும் பச்சக் கோதும. அதுக்குள்ள செவப்பு செவப்பாப் பூவு. சவுக்குக் கன்னு மாதிரி ஒரு மரம், ஆனா கறுப்பா, நெட்டுக்குத்தலா, வரிசையா வச்சிருப்பான்."

சான் ஜிமினியானோ என்று ஒரு ஊர். மலை உச்சியில் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தேர்கள் நிற்பது போலத் தெரியுமாம். கிட்டப் போனால் எல்லாம் கல் கோபுரங்கள். "கோயில் கோபுரமான்னு கேட்டேன். இல்லியாம். அந்தக் காலத்துப் பணக்காரனுங்க, பக்கத்து வூட்டுக்காரன விட ஒசரமா கட்டணும்னு போட்டி போட்டுக் கட்னதாம்" என்றார். அந்தப் பணக்காரர்களை எனக்கு உடனே புரிந்துவிட்டது.

வோல்ட்டெர்ரா என்ற ஊரின் வாசலில் மூன்று கல் தலைகள் இருக்கின்றன. கர்த்தர் பிறப்பதற்கும் முன்னால் செதுக்கியவையாம். மழையும் காற்றும் தின்று, மூக்கும் கண்ணும் போய், வெறும் உருண்டையாக நிற்கின்றன. சியன்னாவில் ஒரு செங்கல் மைதானம் முறம் போலச் சரிந்து கிடக்கிறது. அதில் ஜனங்கள் பட்டப்பகலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறார்கள். இவரும் படுத்தார். அவளும் உட்கார்ந்து ரொட்டி தின்றாள். லூக்கா என்ற ஊரில் கோட்டை மதில் மேலேயே மரம் வளர்த்திருக்கிறார்கள். அதன் மேல் சைக்கிளில் ஊரையே சுற்றி வரலாம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒலிவ மரம் வந்தபோதுதான் முடியவில்லை.

"மத்தியானம் ஒலிவ மரத்தடியில படுத்துத் தூங்குவோம். எல காத்துல திரும்புச்சின்னா வெள்ளி மாதிரி மின்னும். நெழலு கம்மிதான். ஆனா குளுகுளுன்னு இருக்கும்."

நான் ஞாயிறு பள்ளியில் எத்தனையோ வருஷமாக ஒலிவ மலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவள். ஒலிவ மரம் எப்படி இருக்கும் டீச்சர் என்று கேட்டால், வேப்பமரம் மாதிரி இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பாகச் சொல்லிவைப்பேன். வேதத்தில் பாதிகூட ஒழுங்காகப் படிக்காத மனிதர் அதன் அடியில் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார். எனக்காக அந்த மரத்தில் கடைந்த ஒரு சின்னச் சிலுவையை வாங்கி வந்திருந்தார். அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது நன்றியைவிட எரிச்சல்தான் ஜாஸ்தியாக வந்தது. மரத்தைப் பார்த்தவர் அவர். எனக்குக் கிடைத்தது துண்டு.

ஒரு நாள், கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன்.

"ஏங்க, அந்த டீச்சர் மேட்டுல எப்படி ஏறுவாங்க? எறங்கித் தள்ளிக்கினுதானே போவாங்க?"

"சேச்சே. நானும் அவங்க அண்ணனும்தான் எறங்கித் தள்ளுவோம். அவங்க எறங்கவே மாட்டாங்க. பல்லக் கடிச்சிக்கினு மேல போய் நின்னு எங்களுக்குக் காத்திருப்பாங்க."

"பொடவையில்லாத ஊரு. ஏறுவாங்க."

"பாவாட கட்டிக்கினுதான் ஏறுனாங்க. அதெல்லாம் சொன்னா உனக்கு இன்னா தெரியும்? பார்க்கணும்."

அவர் தூங்கப் போய்விட்டார். அடுத்த நாள் காலை நான் பள்ளிக்குப் போனதும் நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். அவர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். முன்பு கிராமங்களுக்குச் சைக்கிளில் போய் வந்தவர். பிறகு மிஷன் மோட்டார் கார் கொடுத்துவிட்டதால், குறுக்குக் கம்பி இல்லாத அந்தப் பெண்கள் சைக்கிள் தாழ்வாரத்தில் தூசி படிந்து நின்றது. "அம்மா, எனக்கு அதை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முழங்கால் சிராய்க்கும்" என்றார். "பரவாயில்லை" என்றேன். தானே வந்து காற்றடித்துக் கொடுத்தார்.

பள்ளி விட்ட பிறகு மைதானத்தில் ஓட்டிப் பழகினேன். எனக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட யாரும் இல்லை. மதிலைப் பிடித்துக்கொண்டே ஏறி, மதில் முடிந்த இடத்தில் விழுவேன். பிறகு எழுந்து திரும்பவும் மதிலுக்கு வருவேன். புடவையைக் கச்சம் போல இழுத்துச் செருகிக்கொள்ளும் விதத்தையும் நானே கண்டுபிடித்தேன். விழும்போதெல்லாம் ஆர்னோ ஆற்றங்கரையில் அவளைப் பிடித்துக்கொண்டு யார் ஓடியிருப்பார்கள் என்று நினைப்பேன். அவள் அண்ணனாக இருக்கும். கொடுத்துவைத்தவள்.

வீட்டில் சொல்லவில்லை. ஆனால் ஆம்பூர் அவ்வளவு பெரிய ஊரா? ஒரு சாயங்காலம் இவர் ஷாப்பிலிருந்து நேராகப் பள்ளி மைதானத்துக்கு வந்து நின்றார். நான் இரண்டு சுற்று விழாமல் சுற்றி வந்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"ஊரே பேசுது, நீ சைக்கிள் வுடறேன்னு. எனக்குத்தான் தெரியல" என்றார்.

"கிறிஸ்மஸ் லீவுல நாமும் போலாம். ஊர் ஊரா" என்றேன்.

"நாமா? எங்க?"

"வேலூர், ஆற்காடு, கலவை. இங்கயும் கோட்ட இருக்குது, வாசல் இருக்குது. ரோடு இருக்குது."

அவர் தலையைச் சொறிந்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பண்டிகை முடிந்த மறுநாள் விடியலில் கிளம்பினோம். பனி இருந்தது. பெங்களூர் ரோட்டில் மாட்டு வண்டிகள் பட்டை மூட்டைகளோடு எதிரே வந்தன. வண்டிக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டு மாட்டை நிறுத்தினார்கள். பள்ளிகொண்டா வரை எனக்கு மூச்சு வாங்கியது. அதற்குப் பிறகு கால் தானாகச் சுற்றத் தொடங்கியது. எவ்வளவு நாள் இந்தச் சுகத்தை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்று உலகத்தின் மேலேயே கோபம் வந்தது.

அந்தச் சுகத்தை இவர் நிம்மதியாக அனுபவிக்க விடவில்லை. விரிஞ்சிபுரம் கோயில் கோபுரம் தெரிந்தபோது, "சியன்னாவுல மணிக்கூண்டு இத விட ஒசரம்" என்றார். வேலூரில் என் அக்கா வீட்டில் தங்கினோம். சாயங்காலம் கோட்டை அகழியை ஒட்டிப் போனபோது, "லூக்காவா இருந்தா இந்நேரம் மதில் மேலயே போயிருப்போம்" என்றார். மறுநாள் ஆற்காட்டில், பாலாற்றைப் பார்த்து நிற்கும் டெல்லி கேட்டின் அடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். நவாபுகளும் வெள்ளைக்காரர்களும் அடித்துக்கொண்ட கோட்டையில் அந்த ஒரு வாசல்தான் மிச்சம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன்.

"வோல்ட்டெர்ரா வாசல்ல இது பாதி கூட வராது" என்றார் பக்கத்திலிருந்து.

"அங்கயே இருந்துட்டிருக்கலாமே நீங்க" என்றேன்.

அவர் திடுக்கிட்டுப் போனார். கடைத்தெருப் பக்கம் போய் ஒரு பொட்டலம் மக்கன்பேடா வாங்கி வந்தார். நெய்யும் பாகும் சொட்டும் அந்த ஆற்காட்டு இனிப்பு என்றால் அவருக்கு உயிர். என்னைச் சமாதானம் செய்ய வாங்கியதை, நான் தொடமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதால், அவரே முழுவதும் தின்றுவிட்டார்.

விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். நாங்கள் தங்கியிருந்தது அந்த ஊர் உபதேசியார் வீட்டில். உபதேசியாரின் மனைவி ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தார். "ஒரு நாள் பட்டினி போட்டா சரியாய்டும்" என்றார்.

"கலவ இன்னொரு வாட்டி பார்த்துக்கலாம்" என்றார் இவர், படுத்தபடியே.

"நான் போய்ட்டு வர்றேன்."

"தனியாவா? இன்னா சொல்ற நீ? வழி தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"நேர் ரோடு. திமிரி வழியா. மத்தியானத்துக்குள்ள போய், பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடுவேன்."

"வேணாம், பேஜாராப் போய்டும்."

"அந்த டீச்சர் மேட்டுலயே எறங்க மாட்டாங்கன்னு சொன்னீங்க. இது சமதரதானே."

அவரால் எழுந்து தடுக்க முடியவில்லை. உபதேசியாரின் மனைவி இரண்டு இட்லியை வாழையிலையில் கட்டிக் கொடுத்துவிட்டு, கண்ணால் சிரித்தார்.

ஆற்காட்டுக்குத் தெற்கே அந்த ரோட்டில் நான் தனியாகப் போனதுதான் என் வாழ்நாளிலேயே முதல்தடவை தனியாக ஓர் ஊருக்குப் போனது. யாரும் எதனோடும் எதையும் ஒப்பிட்டுச் சொல்லவில்லை. திமிரியில் பழைய கோட்டை இருந்த மேட்டில் முள் மண்டிக் கிடந்தது. ஆடு மேய்ந்தது. அதை நான் பார்த்தேன். அது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

திமிரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ரோட்டோரக் கொல்லையில் பெண்கள் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் செடியும் மண்ணுமாக ஓடி வந்து வழியை மறித்துவிட்டார்கள்.

"யாரும்மா நீ? எந்த ஊரு?"

"ஆம்பூர். பள்ளிக்கூடத்துல வாத்தியாரம்மா."

"ஆம்பூர்லேர்ந்தா? இதும் மேலயா? வூட்டுக்காரரு எங்க?"

"வயித்து வலி. ஆற்காட்டுல படுத்திருக்காரு."

அவர்கள் சிரித்த சிரிப்பு ரோட்டின் இரண்டு பக்கமும் கேட்டிருக்கும். ஒருத்தி, இடுப்பிலிருந்த குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, "நான் ஒரு வாட்டி குந்திப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். ஏற்றி உட்கார வைத்தேன். நான் ஒரு பக்கம், இன்னும் நான்கு பேர் மறுபக்கம் பிடித்துக்கொண்டு ஓடினோம். அவள் "வுடாதீங்கடி, வுடாதீங்கடி" என்று கத்திக்கொண்டே போய், கடைசியில் எங்கள் எல்லாரையும் இழுத்துக்கொண்டு வேலியில் சாய்ந்தாள். எழுந்து முள்ளைத் தட்டிவிட்டு, "இன்னொரு வாட்டி" என்றாள். பச்சைக் கடலையை அங்கேயே வேகவைத்து என் முந்தானை நிறையக் கட்டிவிட்டார்கள். "திரும்பறப்போ நில்லு, வாத்தியாரம்மா" என்றார்கள்.

கலவை ஏரி அந்த வருஷம் நிரம்பியிருந்தது. கரை நல்ல உயரம். வண்டிகள் ஏறி இறங்கிய தடம் ஒன்று சரிவாக மேலே போயிற்று. கீழே நின்று அதைப் பார்த்தேன். இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அங்கே என்னைப் பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் அவள் மேலே போய் நின்று காத்திருந்தாளே, அது என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. கொஞ்சம் பின்னால் போய், வேகம் எடுத்து, பல்லைக் கடித்து மிதித்தேன். பாதியில் சக்கரம் நின்றுவிடும் போலிருந்தது. தொடை எரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது எதிரே தண்ணீர்.

கரை மேல் உட்கார்ந்து கடலை தின்றேன். தூரத்துக் குன்று வரை தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. வெள்ளையாக ஏதோ பறவைகள் கூட்டமாக எழுந்து, ஒரு சுற்று சுற்றி, அதே இடத்தில் இறங்கின. நெடுநேரம் எனக்கு யார் நினைவும் இல்லை. பிறகு அந்த டீச்சர் நினைவு வந்தது. அவள் இதைப் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை என்று தோன்றியதும் கடலை இன்னும் ருசியாக இருந்தது. கிறிஸ்மஸ் வாரத்தில் நினைக்கத் தகாத நினைப்புதான். இருந்தாலும் நினைத்தேன்.

பொழுது சாய்வதற்குள் ஆற்காடு வந்து சேர்ந்தேன். இவர் வாசலிலேயே கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா? இன்னா பார்த்த?"

"ஏரி."

"ஏரின்னா? எப்படி இருந்துச்சி?"

"நெறைய தண்ணி இருந்துச்சி" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சமிருந்த கடலையை உபதேசியாரின் மனைவிக்குக் கொடுத்தேன். திரும்பி வரும் வழி முழுவதும் இவர் என் பின்னாலேயே வந்தார். வேலூர்க் கோட்டை வந்தது, இவர் வாயில் லூக்கா வரவில்லை. "கடல யாரு குடுத்தாங்க?" என்றார். "பொம்பளைங்க" என்றேன். பள்ளிகொண்டாவில் தண்ணீர் குடிக்க நின்றபோது, "கரை மேல ஏற வழி இருக்குதா?" என்றார். "இருக்குது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். சில மாதமாக என் முகத்தில் நானே சுமந்துகொண்டிருந்த பார்வை அது.

பொங்கல் முடிந்த பிறகு ஷாப்பில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, வேலூர் வரை ரயிலில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு கலவைக்குப் போய் வந்தார். எங்கே போகிறார் என்று என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது தானாகச் சொன்னார்.

"அந்தக் கொல்லப் பொம்பளைங்க என்னப் பார்த்துட்டு, 'வாத்தியாரம்மா வரலையா'ன்னு கேட்டாங்க. வரலன்னதும் வேலையப் பாக்கப் போய்ட்டாங்க."

"கடல குடுத்தாங்களா?"

"குடுக்கல."

அன்று சாயங்காலம் வழக்கம்போல ஆட்கள் வந்தார்கள். இவர் கட்டிலில் உட்கார்ந்து, இத்தாலியை விட்டுவிட்டுக் கலவை ஏரியைச் சொல்லத் தொடங்கினார். கரையின் உயரம், பறவைகள், குன்று. நான் அடுப்படியில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தேன். வடிகட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"நிறுத்துங்க. அது என்னுது. நான் சொல்றேன்" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் ஆண்கள் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்து பேசும் வழக்கம் இல்லை. எங்கள் கோயில் உபதேசியார்தான், "சொல்லும்மா" என்றார். இவர் கட்டிலில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். வேலியில் சாய்ந்த பெண்ணிலிருந்து தொடங்கினேன். சிரித்தார்கள். அடுத்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள். கரை ஏறிய இடம் வந்தபோது இவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"அந்தக் கரை அவ்ளோ செங்குத்து இல்ல" என்றார்.

"நீங்க எறங்கித் தள்ளிக்கினுதானே ஏறுனீங்க?"

எழுந்து உள்ளே போனார். சற்று நேரத்தில் தேநீர் டம்ளர்களோடு வந்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். யாரும் அதைச் சொல்லவில்லை.

"அடுத்தாப்ல எங்க போறீங்க ரெண்டு பேரும்?" என்று ஷாப்பில் வேலை செய்யும் ஒருவர் கேட்டார்.

"பாலாத்து அணைக்கட்டு" என்றார் இவர்.

"ஜோலார்பேட்டை" என்றேன் நான், அதே நேரத்தில்.